புதருக்குள் ஒரு அடி

1

கோல்ஃபில் நடுவர் கிடையாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே உறைக்காது. தெரு கிரிக்கெட்டில்கூட பேட்டிங் பக்கத்து ஆள் ஒருவன் அம்பயராக நிற்பான். தன் ஆளுக்கு அவுட் கொடுக்கமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். சண்டை நடக்கும். ஆட்டத்தின் பாதி சுவாரசியம் அந்தச் சண்டையில்தான். பந்து மட்டையில் பட்டது தெரிந்தும் பேட்ஸ்மேன் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றால் அதை யாரும் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. தீர்ப்புச் சொல்ல ஒருத்தர் இருக்கிறார், அது அவர் வேலை. உண்மையைச் சொல்லும் பொறுப்பை நாம் அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆடுகிறோம்.

கோல்ஃபில் அப்படி ஒப்படைக்க ஆள் இல்லை. தொலைக்காட்சியில் வரும் பெரிய போட்டிகளில் விதி தெரிந்த அதிகாரிகள் மைதானத்தில் இருப்பார்கள், சந்தேகம் என்று கூப்பிட்டால் வருவார்கள். வாரக்கடைசியில் நடக்கும் அமெச்சூர் போட்டிகளில் அதுவும் பெரும்பாலும் இல்லை. நான் அடித்த அடிகளை நான்தான் எண்ண வேண்டும். நான் விதியை மீறினால் நான்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கூட ஆடும் ஒருவர் என் ஸ்கோர் கார்டில் எழுதுவார், நான் இன்னொருவருடைய கார்டில் எழுதுவேன். எழுதுபவருக்கு மார்க்கர் என்று பெயர். ஆனால் என் பந்து வலது ஓரத்துப் புதரில் கிடக்கும்போது அவர் இடது ஓரத்து மணலில் தன் பந்தோடு போராடிக்கொண்டிருப்பார். ஆகவே அவர் எழுதுவது, பல சமயம், நான் சொல்வதைத்தான்.

எனக்கு எடின்பரோவில் வேலை. சாஃப்ட்வேர். நம்மூரில் கோல்ஃப் என்றதும் உயர்ந்த மதிலும் உறுப்பினர் அட்டையும்தான் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தில் அது வேறு மாதிரி. எடின்பரோவின் பிரெய்ட் ஹில்ஸ் மைதானம் நகராட்சியுடையது. செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் இருக்கும் நிலம் பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாய்களோடு நடப்பார்கள். என்னோடு ஆடியவர்களில் பஸ் ஓட்டுநர் உண்டு, பள்ளி ஆசிரியர் உண்டு, ஓய்வுபெற்ற பிளம்பர் உண்டு. அப்படித்தான் நானும் இதற்குள் வந்தேன். வந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. யாரும் பார்க்காதபோது நேர்மையாக இருக்க முடியுமா என்பது பழைய கேள்வி. என்னுடையது அதிலிருந்து கொஞ்சம் தள்ளி. காலை எட்டு மணிக்கு நேர்மையாக இருப்பது வேறு, மாலை ஐந்து மணிக்கு முப்பதாவது குழியில் நேர்மையாக இருப்பது வேறா?

2

முழுநாள் போட்டி என்றால் 36 குழிகள். காலையில் 18, மதியத்துக்குப் பிறகு 18. ஒரு சுற்றுக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடை. பந்து நேர்கோட்டில் போவதில்லை, அதனால் நாமும் போவதில்லை. இரண்டு சுற்றுக்கு இருபது கிலோமீட்டரை நெருங்கிவிடும். தோளில் பை, அல்லது கையில் தள்ளுவண்டி. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய நாலு மணி நேரம். காலை ஏழரைக்குத் தொடங்கினால் கடைசிக் குழியை விட்டு வரும்போது மாலை ஐந்து, ஆறு. ஜூன் மாத ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் இது சாத்தியம். நடுவில் ஒரு சூப், ஒரு ரொட்டி, மாற்றிக்கொள்ள உலர்ந்த சாக்ஸ். அவ்வளவுதான் இடைவேளை.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த கொடுமை இல்லை. 1860 அக்டோபர் 17 அன்று பிரெஸ்ட்விக்கில் முதல் ஓப்பன் சாம்பியன்ஷிப் நடந்தது. எட்டு பேர் ஆடினார்கள். அந்த மைதானத்தில் அப்போது 12 குழிகள்தான் இருந்தன. அதை ஒரே நாளில் மூன்று முறை சுற்றினார்கள். வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். முதல் முப்பது வருடங்களுக்கு மேல் அந்தப் போட்டி 36 குழிகளாகவே இருந்தது. 1892இல்தான் 72 ஆனது. அந்த ஆண்டு வென்ற ஹெரால்டு ஹில்டன் ஒரு அமெச்சூர்.

அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளும் 1964 வரை 36 குழிகள்தான். அந்த வருடம் வாஷிங்டன் அருகே காங்கிரஷனல் மைதானத்தில் கொளுத்தும் வெயில். கென் வென்சூரி காலைச் சுற்றை 66 அடிகளில் முடித்தார், முடித்த கையோடு வெக்கையில் நிலைகுலைந்தார். பிற்பகல் சுற்றில் ஒரு மருத்துவர் கூடவே நடந்தார். அதையும் 70 அடிகளில் முடித்து அவர் வென்றார். அடுத்த ஆண்டிலிருந்து போட்டியை நான்கு நாள்களுக்குப் பிரித்துவிட்டார்கள்.

தொழில்முறை உலகம் நாளைச் சுருக்கிக்கொண்டது. அமெச்சூர் உலகம் இன்னும் விடவில்லை. பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன்ஷிப், அமெரிக்க அமெச்சூர் இரண்டிலும் இறுதி ஆட்டம் 36 குழிகள். சின்னச் சின்ன கிளப்களிலும் கோடையில் ஒரு முழுநாள் போட்டியாவது இருக்கும். காரணம் வீரம் கிடையாது, லீவுதான். ஆடுபவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு சுற்று ஆடித்தான் ஆளை அளக்க முடியும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும்.

காலைச் சுற்றில் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் அடித்தால் மற்றவர் பாராட்டுவார். பிய்ந்த புல்லைத் திரும்ப எடுத்துவைத்து மிதிப்பார்கள், பங்கரில் நடந்த தடத்தை வாரியால் சமன்செய்துவிட்டுத்தான் நகர்வார்கள். இருபதாவது குழிக்கு மேல் உடம்பு பேச ஆரம்பிக்கும். தொடை இறுகும், கை நழுவும், பேச்சு குறையும். முதலில் கைவிடப்படுவது எண்ணிக்கை இல்லை, அந்த வாரிதான். மணலை அரைகுறையாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நடப்பார்கள். தெரியாத ஒருவர் பின்னால் வருவார், அவர் பந்து அந்தக் குதிகால் பள்ளத்தில் விழும் என்ற நினைப்பே அப்போது எழாது. மனசு கெட்டுப்போயிற்று என்று சொல்லமாட்டேன். அதன் வட்டம் சிறுத்துவிடுகிறது. என் பந்து, என் கால், என் பசி.

நேர்மை தளர்வது இந்த வட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். பொய் சொல்வோம் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதற்கு ஒரு சௌகரியம் வந்துவிடுகிறது.

3

ஒரு முழுநாள் போட்டியில் நான் மார்க்கராக இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். சொன்னேனே, ஓய்வுபெற்ற பிளம்பர், அவர்தான். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. முப்பத்தோராவதோ இரண்டோ, அவர் பந்து கோர்ஸ் புதருக்குள் போய்விட்டது. கோர்ஸ் என்பது மஞ்சள் பூ பூக்கும் முள்செடி. நம்மூர்க் காரைப்புதர் மாதிரி, கையை விட்டால் இரத்தம் வரும். அவர் உள்ளே போனார். நான் என் பந்துக்குப் போனேன். கொஞ்சம் கழித்து அவருடைய பந்து வெளியே வந்தது. அப்புறம் இரண்டு அடி, கிரீனில் ஒன்று, பந்து குழிக்குள். நான் எண்ணியது ஐந்து. கார்டில் எழுதப் போகும்போது, “ஆறு போட்டுக்கங்க” என்றார்.

“அஞ்சுதானே?”

“புதருக்குள்ள ஒண்ணு. காத்துல போச்சு.”

பந்தை அடிக்க வீசி, முள்ளில் மாட்டி, பந்தைத் தொடாமலே போன வீச்சு. அடிக்கும் எண்ணத்தோடு வீசினால் பட்டாலும் படாவிட்டாலும் அது ஒரு அடி. விதி அப்படி. அவர் அதைச் சொன்ன தொனியில் எந்தத் தியாகமும் இல்லை. அடுத்த வாக்கியமே பஸ் ரூட்டை மாற்றிவிட்டார்களாமே என்பது பற்றி. அவர் அன்று பரிசுக்கு எங்கேயும் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு அடி அவரை எதிலிருந்தும் இறக்கவில்லை, எதற்கும் ஏற்றவும் இல்லை. ஐந்து என்று நான் எழுதியிருந்தால் உலகத்தில் ஒரு மனிதருக்கும் நஷ்டமில்லை. எனக்கு ஆச்சரியம் அதில்தான். பயனே இல்லாத இடத்தில், நனைந்து, களைத்து, யாரும் பார்க்காத ஒரு வீச்சை அவர் எண்ணியிருக்கிறார்.

கோல்ஃபில் இந்த மாதிரிக் கதைகளின் தலைமகன் பாபி ஜோன்ஸ். ஜார்ஜியா டெக்கில் இயந்திரப் பொறியியல் படித்தவர், கடைசிவரை அமெச்சூராகவே போட்டிகளில் ஆடியவர். 1925 அமெரிக்க ஓப்பனில், உயரப் புல்லில் அடிக்கத் தயாராகும்போது பந்து லேசாக அசைந்தது என்று தனக்குத்தானே ஒரு அபராத அடி போட்டுக்கொண்டார். வேறு யாருமே அதைப் பார்க்கவில்லை. முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை. தீர்ப்பு ஆட்டம் 18 குழியில் முடியவில்லை, அன்றே இன்னொரு 18 ஆடினார்கள். கடைசியில் ஒரே ஒரு அடியில் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காக ஒருவனைப் பாராட்டுவது போல் இருக்கிறது என்கிற மாதிரி அவர் சொன்னதாக வழங்கிவருகிறது.

ஜோன்ஸின் கதை பெரியது, ஏனென்றால் அதில் ஒரு கோப்பை போனது. பிளம்பரின் கதையில் எதுவும் போகவில்லை. எனக்கு இரண்டாவதுதான் கடினமாகப் படுகிறது. பெரிய விலை இருக்கும் இடத்தில் மனசு விழித்துக்கொள்ளும், இது சோதனை என்று அதற்குத் தெரியும். விலையே இல்லாத இடத்தில் அது தூங்கப் பார்க்கும். ‘அட, என்ன பெரிசா?’ என்பதைவிட வலுவான சாத்தான் இல்லை.

4

களைத்தவன் தவறுவான் என்பதை உளவியல் ஒரு காலத்தில் அழகாக விளக்கியது. 1998இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு பிரபலம். சாக்லேட் பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் சாப்பிடவேண்டியிருந்தவர்கள் அடுத்து வந்த கடினமான புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். மனவுறுதி என்பது பெட்ரோல் டேங்க் மாதிரி, ஓட ஓடத் தீரும் என்று அதிலிருந்து ஒரு கொள்கையே கிளம்பியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதே கொள்கையைச் சோதித்துப் பார்த்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. விவாதம் முடிந்துவிடவில்லை, ஆனால் டேங்க் காலியாயிற்று என்ற சாக்கு முன்னைப்போல் எளிதாக எடுபடாது.

அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் இரண்டை வேறுபடுத்துகிறார்: இன்பத்தின் இழுப்பை வெல்லும் கட்டுப்பாடு, துன்பத்தைத் தாங்கி நிற்கும் பொறுமை. இரண்டுக்கும் மேலே வேறொருவனை வைக்கிறார், போராடவே தேவையில்லாதவனை. தப்பான ஆசை அவனுக்குள் எழுவதே இல்லை. இதைப் படித்தபோது, அப்படி யார் இருக்கமுடியும், மேலிருந்து இறங்கி வந்தவனா என்று நினைத்தேன். பிளம்பரைப் பார்த்த பிறகு கொஞ்சம் புரிகிறது. அவருக்குள் போராட்டம் நடந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அது பிறவிக் குணம் என்று நான் நம்பவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு அடி முடிந்ததும் உதடு அசையும், எண்ணிக்கொள்வார். காலை முதல் குழியிலேயே அதைக் கவனித்திருந்தேன், ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தேன்.

என் தொழிலில் இதற்கு இணையாக ஒன்று உண்டு. சர்வரில் ஒரு சம்பவம் நடந்தால் நடந்த கணத்திலேயே லாகில் பதிவாக வேண்டும். அப்புறம் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், எழுதுவது நடந்ததை இல்லை, நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதைத்தான். ராத்திரி மூணு மணிக்கு ஏதோ விழுந்து எழுப்பப்பட்ட எந்த இன்ஜினியருக்கும் இது தெரியும். குழி முடிந்த பிறகு ‘எத்தனை அடிச்சேன்?’ என்று யோசிக்கும் ஆளிடம் நினைவு பேரம் பேசும். அடித்த உடனே எண்ணியவனிடம் பேரத்துக்கு இடமில்லை. நேர்மையை நாம் ஒரு முடிவாக, ஒரு கணத்தின் வீரமாகக் கற்பனை செய்கிறோம். முழுநாள் ஆட்டத்தில் அது நூற்றைம்பது, இருநூறு சின்னக் கவனங்களின் தொடர். எங்கேயோ ஒன்றை விட்டால் அடுத்ததை விடுவது சுலபம்.

விதிகளும் இந்தக் கவனத்தைத்தான் கேட்கின்றன, சர்வஞானத்தைக் கேட்கவில்லை. 2019இல் கோல்ஃப் விதிகளைப் பெரிய அளவில் திருத்தினார்கள். பந்தை எங்கே வைக்க வேண்டும் என்பது போன்ற இடங்களில் ஆட்டக்காரர் தன்னால் முடிந்த அளவு நியாயமாகக் கணித்திருந்தால் போதும். பிறகு வீடியோ வேறு மாதிரி காட்டினாலும் அவர் கணிப்பு செல்லும். பிழைக்கும் பொய்க்கும் நடுவே ஒரு கோடு. ஆனால் கார்டில் ஒரு குழிக்கு அடித்ததைவிடக் குறைவான எண்ணை எழுதிக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கூட எழுதினால் அந்தக் கூடுதல் எண்ணே நிலைக்கும். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது குழியை மூன்று அடிகளில் முடித்தார். மார்க்கராக இருந்த டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். 65 அடித்தவருக்கு 66. மறுநாள் பாப் கோல்பியோடு தீர்ப்பு ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர் ஒரே அடியில் இரண்டாமிடம். மூன்று என்பதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள், பயனில்லை. கையெழுத்து அவருடையது.

இன்னொன்று: ஏமாற்று எப்போதும் கீழ்நோக்கியே போவதில்லை. அமெச்சூர் ஆட்டத்தில் ஹேண்டிகேப் உண்டு. 2020இல் வந்த உலகப் பொது முறைப்படி கடைசி இருபது சுற்றுகளில் சிறந்த எட்டை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். நம் திறமைக்கேற்ப அடிகளில் சலுகை கிடைக்கும், பஸ் ஓட்டுநரும் சாம்பியனும் சேர்ந்து ஆட முடியும். வீம்பு உள்ளவன் அடியைக் குறைத்துச் சொல்லி ஹேண்டிகேப்பை அழகாக வைத்துக்கொள்வான். பேராசை உள்ளவன் வேண்டுமென்றே மோசமாக ஆடி அதை ஏற்றிவைத்து, பரிசு நாளில் புலியாகப் பாய்வான். பிரிட்டிஷ் கிளப்களில் இவனைக் கொள்ளைக்காரன் என்ற பொருளில் ‘பேண்டிட்’ என்பார்கள். ஒருவன் தன்னைப் பெரிதாக்குகிறான், இன்னொருவன் சிறிதாக்குகிறான், இரண்டும் பொய்தான். இருக்கும் அளவுக்கே இருப்பதாகச் சொல்வது எவ்வளவு அரிது என்பது இதில் தெரிகிறது.

5

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு எரிச்சல் வரலாம். வர வேண்டும். இது கனவான்களின் ஆட்டமாயிற்றே, அவர்கள் நேர்மை யாருக்கு வேண்டும்? அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் விதிகளில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வரி 1961 வரை இருந்தது. எடின்பரோவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மியூர்ஃபீல்டின் கிளப், பெண்களை உறுப்பினராக்க 2017இல்தான் வாக்களித்தது. புல்லில் பந்து ஒரு இம்மி அசைந்ததைப் பார்த்த கண்களுக்கு வாசலில் நிறுத்தப்பட்ட மனிதர்கள் தெரியவில்லை. ஸ்கோரில் நேர்மையாக இருந்தவர்கள் உலகத்திடம் நேர்மையாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேலிக்குள் வளரும் அறம் வேலியைப் பார்ப்பதில்லை. நம் ஊர்களிலும் கொடுக்கல் வாங்கலில் ஒரு பைசா பிசகாதவர்கள், தம்ளரை மட்டும் தனியாக வைத்திருந்தார்கள் இல்லையா.

ஆனாலும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன், வேலியை விட்டுவிட்டு. ஏனென்றால் நாம் போய்க்கொண்டிருக்கும் திசை வேறு. நான் எழுதும் மென்பொருளின் பெரும்பகுதி மனிதர்களை நம்பாமலிருப்பதற்கானது. யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று பதிவதற்கு, ஒருவர் சொல்வதை இன்னொரு இடத்தில் சரிபார்ப்பதற்கு. அது தேவைதான். பணம் இருக்கும் இடத்தில் கணக்கு இருக்க வேண்டும். டெலிவரி கொடுப்பவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று ஆப் சொல்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மவுஸ் அசைகிறதா என்று எங்கேயோ ஒரு புரோகிராம் பார்க்கிறது. அந்தப் புரோகிராமை ஏமாற்ற மவுஸை ஆட்டிக்கொண்டேயிருக்கும் ஒரு கருவியும் விற்பனைக்கு இருக்கிறது. அம்பயர் இருக்கும் ஆட்டம் அது. உண்மையைச் சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டோம், இனி மாட்டாமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை. கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் ஒழுங்காக இருந்து பழகியவன், கேமரா இல்லாத இடத்தில் யாராக இருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு வாய்ப்பே அமைவதில்லை.

முழுநாள் போட்டி அந்த வாய்ப்பைத் தருகிறது. என்ன கிடைக்கிறது, இவ்வளவு நடந்து, நனைந்து? என்னைப் போன்றவர்களுக்குப் பரிசு கிடையாது. உடம்புக்கு ஒரு அயர்வு கிடைக்கிறது, ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூக்கம். முன்பின் தெரியாத ஒருவரோடு ஒன்பது மணி நேரம். அவருடைய அரசியல் நமக்குத் தெரியாது, ஆனால் அவர் தோற்கும்போது எப்படி நடக்கிறார் என்பது தெரியும். கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்குவார்கள். பிறகு கிளப் அறையில் உட்கார்ந்து ஈரம் பட்டுச் சுருண்ட கார்டுகளை நடுவில் வைத்து, ஒவ்வொரு குழியாகக் குரல்விட்டுப் படிப்பார்கள். நாலு. அஞ்சு. ஏழு. ஆமாம், ஏழுதான். அந்த ஏழைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

எனக்குப் பிடித்தது அந்தக் குரல்தான். நம்மைப் பற்றி இன்று எத்தனையோ எண்கள் இருக்கின்றன. மதிப்பெண், சம்பளம், அலுவலகத்தில் நாமே நமக்குப் போட்டுக்கொள்ளும் வருடாந்தர மதிப்பீடு, நடந்த காலடிகள், கிடைத்த லைக்குகள். இவற்றில் எது நம்முடைய உண்மையான அளவு என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவோம். ஒரு முழுநாள் முடிந்து கையெழுத்துப் போடும்போது 97 என்று இருந்தால் அது 97. நல்ல எண் இல்லைதான். ஆனால் அதில் எதையும் யாரும் தள்ளிக்கொடுக்கவில்லை, நானும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் யாராவது எப்படிப் போச்சு என்று கேட்டால், மோசம், தொண்ணூற்றேழு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.